பிளாக்பூல் மக்களும் ஒரு விளையாட்டுக் கழகமும்

வரலாறு என்றவுடன் நம் பாடநூல்கள் முடிமன்னரையும் படைத்தலைவரையும் உடன்படிக்கைகளையுமே கண்முன் நிறுத்துகின்றன. உழைக்கும் மக்கள் அவ்வேடுகளிலே ஒன்றில் வரி செலுத்துவோராக வருகின்றனர். அன்றேல் பஞ்சத்தில் மடிவோராக வருகின்றனர். வேலை முடிந்தபின் அம்மக்கள் எங்கே கூடினர், எதைக் கண்டு ஆர்ப்பரித்தனர், எதனைத் தமதென்று மார்தட்டினர் என்பனவற்றை அந்நூல்கள் கூறுவதில்லை. ஆயினும், ஒரு சமுதாயம் தன்னைத் தானே எவ்வாறு கண்டது என்பதை அறிய விழைவோருக்கு, அரசாங்க அறிக்கைகளிலும் பார்க்க ஒரு தெருவின் விளையாட்டுக் கழகத்துக் கதை கூடுதலாகப் பயன்படுதல் உண்டு.

இக்கட்டுரையிலே நாம் எடுத்துக்கொள்வது, அயர்லாந்தின் தென்பகுதியிலுள்ள கோர்க் நகரிலே, பிளாக்பூல் என்னும் தொழிலாளர் பகுதியில் 1916ஆம் ஆண்டு தோன்றிய கிளென் றோவர்ஸ் என்னும் ஹேர்லிங் கழகத்தின் வரலாறு. அந்நிய ஆட்சியின்கீழ் வாழ்ந்த ஒரு மக்கட் கூட்டம் தன் பழைய விளையாட்டை எவ்வாறு மீட்டெடுத்தது, அம்மீட்சியால் எந்த எந்த வர்க்கத்தார் பயன்பெற்றனர், யார் வெளியே நிறுத்தப்பட்டனர் என்னும் வினாக்களுக்கு இச்சிறு கழகத்தின் கதையிலே விடைகள் கிடைக்கின்றன.

துடுப்பாட்டத்தையும் உதைபந்தாட்டத்தையும் அறிந்த நம் வாசகருக்கு ஹேர்லிங் புதிதாக இருக்கலாம். பக்கத்துக்குப் பதினைவர் ஆடும் ஆட்டம் இது. ஒவ்வொருவர் கையிலும் கமான் எனப்படும் மட்டை இருக்கும். அது ஆஷ் என்னும் மரத்தின் அடித்தூரிலிருந்து செதுக்கப்படுவது; அதனால் வேரோட்டத்தின் வளைவு மட்டையின் அகன்ற அடிப்பாகத்திலே இயல்பாக அமைந்துவிடுகிறது. ஸ்லிதர் எனப்படும் சிறிய தோற்பந்தை ஆட்டக்காரர் தரையிலும் அடிப்பர், வானிலும் அடிப்பர், மட்டையின் நுனியிலே ஏந்தியவாறு ஓடவுஞ் செய்வர். கம்பங்களுக்கிடையே, குறுக்குச் சட்டத்தின் கீழாகப் பந்து புகுந்தால் மூன்று புள்ளிக்குச் சமமான ஒரு ‘கோல்’. சட்டத்தின் மேலாகச் சென்றால் ஒரு புள்ளி. உலகிலுள்ள மைதான ஆட்டங்களில் மிக விரைவானவற்றுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. 2018ஆம் ஆண்டிலே யுனெஸ்கோ நிறுவனம் இதனை மானிடத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

இன்று உலகம் போற்றும் இவ்வாட்டத்தை ஒருகாலத்திலே ஆட்சியாளர் குற்றமாகக் கருதினர். 1366ஆம் ஆண்டின் கில்கெனிச் சட்டங்கள், அயர்லாந்திற் குடியேறிய ஆங்கிலேயர் அந்நாட்டவரின் மொழியையும் வழக்கங்களையும் மேற்கொள்ளலாகாது என விதித்தன. அவ்விதிகளிலே இப்பந்தாட்டமும் விலக்கப்பட்டது. 1527ஆம் ஆண்டிலே கோல்வே நகரச் சட்டமும் அதனைத் தடை செய்தது. திரும்பத் திரும்பத் தடை விதிக்கப்பட்டமை, தடை பயனளிக்கவில்லை என்பதற்கே சான்றாகும். பதினெட்டாம் நூற்றாண்டிலே நிலப்பிரபுக்கள் சிலர் தம் குடியானவரை அணிகளாகத் திரட்டி, பந்தயப் பணங் கட்டி ஆடவிட்டு மகிழ்ந்தனர். அடக்குவோரின் விலக்கும் சரி, உடையோரின் ஆதரவும் சரி, ஆடியவரைக் கேட்டு நடந்தவையல்ல.

சட்டத்தினாலே சாகாத ஆட்டத்தைப் பசி ஏறக்குறையச் சாகடித்தது. 1845ஆம் ஆண்டு தொடங்கிய பெரும் பஞ்சத்திலே ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். ஏறத்தாழ அதே தொகையினர் கப்பலேறினர். உருளைக்கிழங்கிற் பிடித்த நோய் பஞ்சத்திற்கு முதற் காரணமாயினும், அக்காலத்திலேயே உணவுப் பொருள்கள் நாட்டிலிருந்து ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தன என்பதை நாம் மறத்தலாகாது. இளைஞரற்ற கிராமத்திலே விளையாட்டேது? பல மாவட்டங்களில் ஹேர்லிங் மறைந்தது. எஞ்சிய இடங்களிலும் அது முதியோரின் நினைவாகச் சுருங்கிக்கொண்டிருந்தது.

பஞ்சம் உச்சநிலையடைந்திருந்த 1847ஆம் ஆண்டிலே, கிளேர் மாவட்டத்திற் பிறந்தவர் மைக்கேல் கியூசாக். இவர் ஓர் ஆசிரியர். டப்ளின் நகரிலே, அரசாங்க உத்தியோகப் பரீட்சைகளுக்கு மாணவரை ஆயத்தஞ்செய்யும் கல்விக்கூடமொன்றை நடத்தினார். துடுப்பாட்டத்திலும் றக்பியிலும் அவருக்குப் பழக்கமுண்டு. எனவே ஆங்கில விளையாட்டுக்களை அறியாமையினால் அவர் அவற்றை எதிர்த்தார் என எவரும் கூறவியலாது. அவரைச் சினங்கொள்ளச் செய்தது வேறொன்று. அக்கால மெய்வல்லுநர் சங்கங்களிலே ‘அமெச்சூர்’ என்னும் சொல் ஒரு வேலியாகப் பயன்பட்டது. கைத்தொழிலாளர், கூலியாளர் முதலானோர் கனவான்களோடு போட்டியிடலாகாது என்பதே அவ்வேலியின் பொருள். உடலுழைப்பால் வாழ்பவன் உடல்வலிப் போட்டிக்குத் தகுதியற்றவன் என்னும் இவ்விந்தையான நியாயத்தைக் கியூசாக் தம் எழுத்துக்களிற் சாடினார்.

1884ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள், தேர்ள்ஸ் என்னும் சிற்றூரின் விடுதியொன்றிலே ஒரு சிறு கூட்டம் கூடியது. அங்கே கேலிக் விளையாட்டுச் சங்கம் பிறந்தது. மோறிஸ் டாவின் தலைவரானார். கியூசாக் செயலாளர்களுள் ஒருவரானார். சங்கத்தின் புரவலராகப் பேராயர் குறோக், பார்னெல், மைக்கேல் டாவிற் ஆகிய மூவர் அழைக்கப்பட்டனர். இம்மூவரின் பெயர்களும் கருத்தூன்றி நோக்கத்தக்கன. குறோக் திருச்சபையைச் சார்ந்தவர். பார்னெல் பாராளுமன்ற அரசியலின் தலைவர். டாவிற்றோ, 1879ஆம் ஆண்டிலே நில இயக்கத்தைத் தோற்றுவித்துக் குத்தகைக் குடியானவரை நிலப்பிரபுக்களுக்கெதிராகத் திரட்டியவர். சிறுவயதிலேயே பஞ்சாலையில் வேலைசெய்து, இயந்திரத்திற் சிக்கிக் கையொன்றை இழந்தவர் அவர். மூவேறு சக்திகளும் ஒரு குடைக்கீழ் வந்தமையே சங்கத்தின் பலம். அவற்றிடையே நிலவிய முரண்பாடே அதன் பலவீனம். கியூசாக் இரண்டாண்டுகள் நிறையுமுன்னரே, 1886இற் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். மறுவருடம் புரட்சிச் சங்கத்தாருக்கும் குருமாருக்குமிடையே பிளவு வெடித்தது.

எனினும், சங்கம் செய்த ஒரு காரியம் பாட்டாளி மக்களின் வாழ்வைத் தொட்டது. ஞாயிற்றுக்கிழமைகளிலே அது போட்டிகளை நடத்தியது. ஆறு நாள் உழைப்பவனுக்கு ஏழாவது நாளே ஓய்வு. அந்நாளிலே விளையாட்டைத் தடுப்பது அவனை விளையாட்டிலிருந்தே விலக்குவதாகும். ஞாயிறு ஆட்டம் என்பது சிறு விதியாகத் தோன்றலாம். தோட்டக் கூலியாளும் தோல் பதனிடுபவனும் மைதானத்திற்கு வர வழிதிறந்தது அந்த விதியே.

இப்பின்னணியிலே பிளாக்பூலுக்கு வருவோம். கோர்க் நகரின் வடபுறத்திலே, மலைச்சரிவுகளின் அடிவாரத்திலமைந்த பகுதி இது. தோல் பதனிடுதல், வடிசாலை, சணல் நூற்பு ஆகியன இங்கே வெவ்வேறு காலங்களிற் செழித்த தொழில்கள். அண்மையிலே, 1856ஆம் ஆண்டு தொடங்கிய மேர்பி மதுவடிசாலை இருந்தது. நெருங்கிய ஒழுங்கைகளிலே, சிறு வீடுகளிலே பெரிய குடும்பங்கள் வாழ்ந்தன. கழகத்தின் பெயரிலுள்ள ‘கிளென்’ என்பது அயலிலுள்ள பள்ளத்தாக்கைக் குறிக்கும். நகரின் செல்வரோ தெற்கிலும் கிழக்கிலும் வாழ்ந்தனர். அக்காலத்துக் கோர்க் ஹேர்லிங் உலகை இரு கழகங்கள் ஆண்டன. ஒன்று, மீனவர் கிராமமாயிருந்த பிளாக்றொக்கின் கழகம். மற்றையது, நகரின் தென்மேற்கைச் சார்ந்த சென் பின்பார்ஸ் கழகம். வடபுறத்துப் பாட்டாளி இளைஞருக்கென நிலைத்த பேர்பெற்ற கழகமொன்று தேவைப்பட்டது. கிளென் றோவர்ஸ் அத்தேவையிலிருந்து எழுந்தது.

கழகம் பிறந்த 1916ஆம் ஆண்டு, டப்ளினில் ஈஸ்டர் எழுச்சி நிகழ்ந்த ஆண்டு. அடுத்த சில ஆண்டுகள் பிளாக்பூலை நேரடியாகத் தாக்கின. கோர்க் நகர முதல்வரும் விடுதலைப் படையின் தளபதியுமான தோமாஸ் மக் கேர்ட்டின் பிளாக்பூலின் தோமஸ் டேவிஸ் வீதியிலே வசித்தார். 1920ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள், அவருடைய முப்பத்தாறாவது பிறந்தநாளன்று, முகத்திற் கருமை பூசியோர் வீட்டுட் புகுந்து அவரைச் சுட்டுக்கொன்றனர். மரண விசாரணைச் சபையினர் காவற்படையினரையும், பிரித்தானியப் பிரதமர் லோயிட் ஜோர்ஜையுங்கூடக் குற்றவாளிகளெனத் தீர்ப்பளித்தனர். அவரை அடுத்து முதல்வரான தெறன்ஸ் மக்ஸ்வீனி, இலண்டன் பிறிக்ஸ்ரன் சிறையிலே 74 நாட்கள் உண்ணாநோன்பிருந்து அக்டோபர் 25ஆம் நாள் உயிர் துறந்தார். நவம்பர் 21ஆம் நாள், டப்ளின் குறோக் மைதானத்திலே, உதைபந்தாட்டம் நடந்துகொண்டிருக்கையிற் படையினர் சுட்டதனால் 14 பேர் மாண்டனர். டிசம்பர் 11ஆம் நாளிரவு, படையினர் கோர்க் நகரின் மத்தியைத் தீயிட்டனர். இவையாவும் ஓராண்டுக்குள் நிகழ்ந்தன. கிளென் கழகத்தின் முதற் தலைமுறை இச்சூழலிலே தான் மட்டையைப் பிடிக்கக் கற்றது. விளையாட்டு வேறு, அரசியல் வேறு என அவர்களுக்குப் போதிப்பது வீணாயிருந்திருக்கும். விளையாட்டு மைதானத்தையே குண்டுகள் தேடி வந்தன.

கழகம் முதலிலே கீழ்ப்பிரிவுகளில் ஆடி, 1920களிலே மேற்பிரிவுக்கு உயர்ந்தது. பச்சை, கறுப்பு, பொன் ஆகிய மூன்று நிறங்களும் அதன் சட்டையாயின. 1934ஆம் ஆண்டிலே முதன்முறையாகக் கோர்க் மாவட்ட மேற்பிரிவுக் கிண்ணத்தை அது வென்றது. அதன்பின் நிகழ்ந்ததை எவரும் எதிர்பார்த்திருக்கமாட்டார். 1935, 1936 எனத் தொடர்ந்து, 1941 வரை எட்டு ஆண்டுகள் இடையறாது அக்கிண்ணம் பிளாக்பூலுக்கே வந்தது. கோர்க்கில் அதற்கு முன்னரோ பின்னரோ வேறெந்தக் கழகமும் இதனைச் சாதித்ததில்லை.

இவ்வெற்றிகளை வீரர்களின் தனித்திறமையால் மட்டும் விளக்கிவிடல் பொருந்தாது. மூன்று காரணங்களை நாம் காண்கிறோம். முதலாவது, பள்ளிக்கூடம். வடபுறத்திலே கிறிஸ்தவ சகோதரர்கள் நடத்திய வட மடப் பள்ளி, ஏழைச் சிறுவர்க்குக் கல்வியோடு கமானையும் கையிற் கொடுத்தது. மக் கேர்ட்டினும் மக்ஸ்வீனியும் அங்கே பயின்றவர்களே. இரண்டாவது, நெருக்கம். ஒரே ஒழுங்கையிற் பிறந்து, ஒரே தெருவிலே சிறுவயது முதல் ஒன்றாக அடித்துப் பழகியோர் மைதானத்திலே ஒருவரையொருவர் பாராமலே அறிந்தனர். மூன்றாவது, வேலை. 1932ஆம் ஆண்டில் ஆட்சிக்கு வந்த டி வலேராவின் அரசாங்கம் சுங்கவரிகளால் உள்நாட்டுத் தொழில்களைப் பாதுகாத்தது. பிளாக்பூலிலே சன்பீம் நெசவாலை வளர்ந்தது. பெருந்தொகையினர், பெரும்பாலும் பெண்கள், அதில் வேலைபெற்றனர். துறைமுகத்தருகே 1917 முதல் போர்ட் நிறுவனம் இருந்தது. 1935இல் டன்லொப் ரயர்த் தொழிற்சாலையும் வந்தது. வேலை உண்டானபோது இளைஞர் கப்பலேறாமல் ஊரிலே தங்கினர். ஊரிலே தங்கியோரே அணியாயினர். புலம்பெயர்வு ஒரு நாட்டின் கவிதையிலே சோகமாக வெளிப்படும். அதன் விளையாட்டுக் கழகத்திலே வெற்றிடமாக வெளிப்படும்.

அவ்வணியின் இளைஞருள் ஒருவர் ஜாக் லின்ச். 1917ஆம் ஆண்டு வடபுறத்துச் ஷண்டனிலே பிறந்த அவர் ஒரு தையற்காரரின் மகன். 1941 முதல் 1944 வரை கோர்க் மாவட்டம் அகில அயர்லாந்துக் கிண்ணத்தைத் தொடர்ந்து நான்கு முறை வென்றபோது அவர் அவ்வணியிலிருந்தார். 1942இல் அதன் தலைவராயுமிருந்தார். 1945இல் உதைபந்தாட்டத்திலும் 1946இல் மீண்டும் ஹேர்லிங்கிலுமாக, தொடர்ந்து ஆறு ஆண்டுகள் ஆறு அகில அயர்லாந்துப் பதக்கங்கள் பெற்றார். மற்றையவர் கிறிஸ்ரி றிங். 1920இல் கிழக்குக் கோர்க்கின் குளொயின் கிராமத்திலே பிறந்து, 1941இல் கிளென் கழகத்திற் சேர்ந்தவர். அகில அயர்லாந்துப் பதக்கங்கள் எட்டு. கழகத்தோடு பெற்ற மாவட்டப் பதக்கங்கள் பதினான்கு. அவற்றுள் இறுதியானதைப் பெற்ற 1967ஆம் ஆண்டிலே அவருக்கு வயது நாற்பத்தேழை எட்டிக்கொண்டிருந்தது. ஹேர்லிங் ஆடியவர்களுள் அவரே தலைசிறந்தவர் எனக் கூறுவோர் இன்றும் பலர்.

போர்க்காலத்திலே பெற்றோல் கட்டுப்பாட்டினால் வாகனங்கள் ஓடவில்லை. 1944ஆம் ஆண்டு மன்ஸ்ரர் மாகாண இறுதிப் போட்டியிலே கோர்க் அணி லிமரிக் அணியை எதிர்த்தாடியபோது, மக்கள் ஏறத்தாழ 70 மைல் தொலைவிலிருந்த தேர்ள்ஸுக்குச் சைக்கிளிலே சென்றனர். அவ்வாட்டம் இன்றும் ‘சைக்கிள் இறுதிப் போட்டி’ என்றே வழங்குகிறது. முதலாட்டம் சமநிலையில் முடிய, மறு ஆட்டத்திலே றிங் கடைசி நேரத்தில் அடித்த கோல் வெற்றியைத் தந்தது. 1956ஆம் ஆண்டிலே ஒன்பதாவது பதக்கத்தை நாடி றிங் ஆடியபோது வெக்ஸ்போர்ட் அணி கோர்க்கைத் தோற்கடித்தது. ஆட்டம் முடிந்ததும் வென்ற அணியினர், தோற்ற றிங்கைத் தம் தோள்களிலே தூக்கிச் சென்றனர். தம் வெற்றியைக் கொண்டாடும் வேளையிலே எதிரியின் பெருமையை முதலிற் கொண்டாடிய அக்காட்சி, போட்டியென்றாற் பகை என்றே பழகிவிட்ட நமக்கு ஒரு பாடம்.

இவ்விருவரின் வாழ்வையும் அருகருகே வைத்து நோக்குவோம். லின்ச் சட்டம் பயின்று, 1948இற் பாராளுமன்றஞ் சென்று, 1966 முதல் 1973 வரையும், 1977 முதல் 1979 வரையும் அயர்லாந்தின் பிரதமராக இருந்தார். றிங் எண்ணெய் நிறுவனமொன்றின் லொறிச் சாரதியாக வேலைசெய்தார். மைதானத்திலே ஆயிரக்கணக்கானோரை ஆர்ப்பரிக்கச் செய்தவர் அதற்காக ஊதியம் எதுவும் பெற்றதில்லை. சங்கத்தின் விதி அதனை அனுமதிக்கவுமில்லை. ஒரே சட்டையை அணிந்த இருவருள் ஒருவர் நாட்டை ஆண்டார். மற்றவர் எண்ணெய் ஏற்றிச் சென்றார். 1979ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் றிங் திடீரெனக் காலமானபோது, குளொயின் கல்லறையருகே நின்று அஞ்சலியுரை நிகழ்த்தியவர் பிரதமர் லின்ச். அந்த நட்பு உண்மையானது என்பதில் ஐயமில்லை. கழகம் இருவரையும் சமமாக நடத்தியது என்பதும் உண்மை. ஆயின், மைதானத்துச் சமத்துவம் மைதானத்து எல்லைக்கோட்டோடு நின்றுவிட்டது என்பதும் அதேயளவு உண்மை. கழகம் ஏற்றத்தாழ்வை ஒழிக்கவில்லை. ஏற்றத்தாழ்வுள்ள உலகிலே ஓரிரு மணிநேரம் அது செல்லாத ஓரிடத்தை உண்டாக்கியது. இதனைக் குறைத்து மதிப்பதும் தவறு, மிகைப்படுத்துவதும் தவறு.

தேசிய இயக்கத்தின் குறுகிய முகத்தையும் நாம் மறைக்கலாகாது. உதைபந்தாட்டம், றக்பி, துடுப்பாட்டம், ஹொக்கி ஆகிய ‘அந்நிய’ விளையாட்டுக்களை ஆடுவோரும், அவற்றைப் பார்க்கச் செல்வோருங்கூட, கேலிக் சங்கத்திலிருந்து விலக்கப்பட்டனர். 1938ஆம் ஆண்டிலே, அயர்லாந்துக்கும் போலந்துக்கும் நடந்த உதைபந்தாட்டத்தைப் பார்த்தார் என்பதற்காக, நாட்டின் முதற் குடியரசுத் தலைவரான டக்ளஸ் ஹைட் சங்கப் புரவலர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். ஐரிஷ் மொழியை மீட்கத் தன் வாழ்வையே கொடுத்த அறிஞர் அவர்! மொழிக்கு உழைத்தவரையே மொழிப்பற்றின் பெயரால் வெளியேற்றிய விந்தை இது. இவ்விதியின் சுமை மிகுதியும் வீழ்ந்தது நகரத் தொழிலாளர்மீதே. உதைபந்தாட்டமும் அவர்களின் தெருக்களில் ஆடப்பட்ட ஆட்டமே. ஞாயிறு ஹேர்லிங்கையும் சனி உதைபந்தாட்டத்தையும் ஒருங்கே நேசித்த இளைஞன் ஏதேனும் ஒன்றை மறைக்கவேண்டியவனானான். ஆதிக்கத்தை எதிர்க்கப் பிறந்த விதி, ஆதிக்கம் நீங்கிய பின்னரும் சொந்த மக்களையே உளவுபார்க்கும் கருவியாயிற்று. 1971ஆம் ஆண்டு பெல்பாஸ்ற் மாநாட்டிலே தான் அது நீக்கப்பட்டது.

மகளிர் கதை வேறொரு பாடம். பெண்கள் ஆடும் ஹேர்லிங்குக்குக் கமோகி என்று பெயர். அதற்கான சங்கம் 1904ஆம் ஆண்டளவிலே தோன்றியது. சன்பீம் ஆலையிலே தறியோட்டிய பெண்களின் ஊதியம் பிளாக்பூல் வீடுகளைத் தாங்கியது. ஆயினும் கழகத்தின் பழைய வரலாறுகளிலே அவர்கள் தாயராகவும் தமக்கையராகவுமே தோன்றுவர். கிளென் றோவர்ஸின் கமோகி அணியோ 1986, 1990, 1992, 1993 ஆகிய நான்கு ஆண்டுகளில் அகில அயர்லாந்துக் கழகக் கிண்ணத்தை வென்றது. ஆடவர் அணி அக்கிண்ணத்துக்கு ஒப்பான தம் கிண்ணத்தை வென்றது இருமுறையே: 1973இலும் 1977இலும். இவ்வெண்களை ஒப்பிட்டபின்னும் கழகத்தின் வரலாற்றை ஆடவர் வரலாறாகவே எழுதுவோர் எண்ணத்தெரியாதவராதல் வேண்டும். இங்கே ஒன்றைக் குறிப்பிடல் நியாயமாகும். திருமணமான பெண்கள் தொடக்கப் பள்ளிகளிலே ஆசிரியராகத் தொடர்ந்து பணிபுரியலாகாது என்றிருந்த விதி 1958ஆம் ஆண்டிலே நீக்கப்பட்டது. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் கிளென் கழகத்து ஜாக் லின்ச்.

அதே லின்ச்சின் ஆட்சியிலே, 1973 ஜனவரி முதலாம் நாள் அயர்லாந்து ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்திற் சேர்ந்தது. விவசாயிகள் பயனடைந்தனர். சுங்கப் பாதுகாப்பிலே வளர்ந்த பழைய தொழிற்சாலைகளோ திறந்த சந்தையின் காற்றைத் தாங்கவில்லை. உலகளாவிய மந்தமும் சேர்ந்துகொள்ள, 1983இல் டன்லொப் மூடப்பட்டது; 1984இல் போர்ட் மூடப்பட்டது. அதே 1984, கேலிக் சங்கத்தின் நூற்றாண்டு விழா ஆண்டு. அவ்வாண்டு இறுதிப் போட்டி சங்கம் பிறந்த தேர்ள்ஸிலேயே நடந்தது; கோர்க் வென்றது. ஒருபுறம் வெற்றி ஊர்வலம். மறுபுறம் வேலையற்றோர் வரிசை. இரண்டிலும் நின்றவர்கள் பெரும்பாலும் ஒரே மனிதர்களே.

பிளாக்பூலின் உருவமும் மாறியது. 1930கள் தொடக்கம் நகரசபை ஒழுங்கைக் குடிசைகளை அகற்றி, மேட்டுநிலங்களிலே புதுக் குடியிருப்புக்களை அமைத்தது. செவ்வோட்டுக் கூரைகளால் ‘சிவப்பு நகர்’ எனப்பட்ட குறனபிறாஹர் அவற்றுள் ஒன்று. மக்கள் நல்ல வீடுகள் பெற்றனர்; அதனை நாம் வரவேற்கிறோம். ஆயின், அணியை உருவாக்கிய பழைய தெரு நெருக்கம் தளர்ந்தது. புதிய பகுதிகளிலே புதிய கழகங்களும் எழுந்தன. சன்பீம் ஆலையின் கட்டடம் 2003ஆம் ஆண்டிலே தீக்கிரையானது. கழகத்தின் ஏட்டிலும் இம்மாற்றங்கள் தெரிகின்றன. 1934 முதல் 1976 வரை நாற்பத்திரண்டு ஆண்டுகளிலே இருபத்து நான்கு கிண்ணங்கள். அதன்பின் 1989இல் ஒன்று. பின்னர் இருபத்தாறு ஆண்டுகள் எதுவுமில்லை. 2015இலே மீண்டும் கிண்ணம் பிளாக்பூலுக்கு வந்தது. 2016இல், கழகத்தின் நூற்றாண்டிலே, இருபத்தேழாவது கிண்ணமும் வந்தது. வெற்றியில்லாத அந்த இருபத்தாறு ஆண்டுகளிலும் ஒவ்வொரு மாலையும் எவரோ வந்து மைதானத்துக் கோடுகளை வரைந்திருக்கிறார். எவரோ சிறுவர்க்கு மட்டை பிடிக்கக் கற்பித்திருக்கிறார். எவரோ சட்டைகளைத் தோய்த்துக் காயவிட்டிருக்கிறார். கிண்ணப் பட்டியலிலே இவர்கள் பெயரில்லை. கழகம் என்பதோ இவர்களே.

இன்று வேறு நெருக்கடிகள் எழுந்துள்ளன. 2012இல் அயர்லாந்திற் கண்டறியப்பட்ட பூஞ்சண நோய் ஆஷ் மரங்களை அழித்துவருகிறது. மட்டை செய்வோர் வெளிநாட்டு மரத்தையும் மூங்கிலையும் நாடுகின்றனர். சங்கத்தின் செயலாளராக நெடுங்காலம் பணியாற்றிய பதுறிக் ஓ கீவ் என்பவரின் பெயரால் 1976இற் கோர்க்கிலே திறக்கப்பட்ட பெரு மைதானம் 2017இற் பெருஞ்செலவிலே புதுக்கப்பட்டது. 2024இல் அப்பெயரின் முன்னே ஒரு பல்பொருள் அங்காடி நிறுவனத்தின் பெயர் ஏறிவிட்டது. ஆடுவோருக்கு இன்றும் ஊதியமில்லை; மைதானத்தின் பெயருக்கு விலையுண்டு. கனவான்களின் வேலியை உடைக்கப் பிறந்த இயக்கம், வணிகரின் வேலியை எவ்வாறு எதிர்கொள்ளப்போகிறது என்பது அந்நாட்டு மக்கள் விடைகாணவேண்டிய வினா.

முடிவாக, ஆசிரியரும் மாணவருமான நம் வாசகர் சிந்திக்கத்தக்க ஒரு நிகழ்ச்சியைக் கூறி அமைவோம். 1937ஆம் ஆண்டிலே, அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணைக்குழு ஓர் அரிய திட்டத்தை மேற்கொண்டது. ஏறத்தாழ 5,000 தொடக்கப் பள்ளிகளின் மேல்வகுப்பு மாணவர், தம் ஊர் முதியோரிடஞ் சென்று, கதைகளையும் வழக்கங்களையும் விளையாட்டுக்களையும் கேட்டெழுதினர். ஆசிரியர் வழிகாட்ட, பிள்ளைகளின் கையெழுத்திலே ஒரு நாட்டின் நினைவு திரண்டது. உலகிலே இதற்கிணையான முயற்சிகள் மிகச் சில. ஆயின், டப்ளின், கோர்க் முதலான பெருநகரப் பள்ளிகள் அத்திட்டத்துள் அடங்கவில்லை. நாட்டின் உண்மையான பண்பாடு கிராமத்திலேயே உண்டு, நகரத்து ஒழுங்கைகளிலே எழுதத்தக்கது யாதுமில்லை என்னும் எண்ணம் அக்காலத்துப் படித்தோரிடை வேரூன்றியிருந்தது. பிளாக்பூல் இளைஞர் எட்டாண்டுத் தொடர் வெற்றியின் நடுவிலே நின்றுகொண்டிருந்த அதே வேளையில், அவர்களுடைய தம்பி தங்கையரிடம், ‘உங்கள் தெருவிலே என்ன நடந்தது, உங்கள் பாட்டன் எந்த ஆலையிலே வேலைசெய்தார், அவர் யாரோடு விளையாடினார்?’ என்று எவரும் கேட்கவில்லை.

கேளாதொழிந்த அவ்வினாக்களின் விடைகள் அம்முதியோரோடு மண்ணிற் புதைந்தன. உழைக்கும் மக்களுக்கு வரலாறு இல்லை என்பது உண்மையன்று. அவ்வரலாற்றை அவர்களிடம் சென்று கேட்போர் இல்லை என்பதே உண்மை. நம் ஒவ்வொருவரின் ஊரிலும் அத்தகைய முதியோர் இன்னும் இருக்கின்றனர். வகுப்பிலே குறிப்பேடும் எழுதுகோலும் இருக்கின்றன. தொடங்கவேண்டியவர் நாமே.